மோசம் என்ற சொல்

உடுப்பிட்டிக் குகதாசன் வாத்தியாரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தவர் இலேசில் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. கதிரையில் இருங்கோ என்பார். நீங்கள் இருந்து முடிப்பதற்குள், கதிரை போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல் என்று தொடங்கிவிடுவார். அலுவலகத்தைக் கந்தோர் என்கிறோமே, அது ஒல்லாந்தனுடையது. காணியை மோட்கேஜ் வைக்கிறீர்களே, அந்த 'மோட்' என்றால் சாவு, செத்த ஈடு என்றுதான் அதற்குப் பொருள் என்பார். அதைக் கேட்டு ஈடு வைக்கப் போனவன் பாதி வழியில் திரும்பி வந்த கதையும் ஊரில் உண்டு. மனுசன் ஆங்கில ரியூசன் வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் நாலு வாங்கு, ஒரு கரும்பலகை. பிள்ளைகள் வைத்த பட்டம் டிக்சனறி. அது அவருக்கும் தெரியும். தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போவார்.

அப்பேர்ப்பட்ட மனுசனை ஒரு சொல் பிடித்து உலுக்கிவிட்டது. மோட்டாலிற்றி.

அந்தச் சொல் அவருடைய வாழ்க்கைக்குள் நுழைந்தது யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரிக் கிளினிக்கில். மனைவி அருந்ததிக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சு நோ. வாய்வு என்று இஞ்சி குடித்தாள், பிறகு ஓமத்தண்ணி குடித்தாள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர் நிலந்த தெற்கிலிருந்து வந்த சிங்களவர், இளம் ஆள், நல்ல மனுசன். தமிழ் இன்னும் வாய்க்கு வராததால் குகதாசனைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நெஞ்சுக்குள் ஓடுகிற பெரிய இரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. எந்த நேரமும் வெடிக்கலாம். விட்டால் ஒரு வருசம் தாண்டுவது கடினம். வெட்டித் திருத்தலாம். ஆனால் மோட்டாலிற்றி பத்துக்கு ஒன்று. பத்துப் பேரில் ஒருவர் மேசையிலிருந்து உயிரோடு இறங்குவதில்லை.

பக்கத்துக் கதிரையில் அருந்ததி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"என்னவாம்?" என்றாள்.

"ஒப்பரேசன் செய்தாச் சுகமாம்."

"என்னவோ மோட்டாலிற்றி எண்டு ரெண்டு தரம் சொன்னார். அது என்ன?"

சொல்லின் பூர்வீகம் கேட்டால் பொழுதுபட்டாலும் விடாத மனுசனுக்கு அன்றைக்கு வாய்க்குள் கொழுக்கட்டை. "மயக்கம்," என்றார். "மயக்கம் தெளியக் கொஞ்சம் சுணங்குமாம். வேறை ஒண்டுமில்லை."

ஏன் பொய் சொன்னார் என்றால், காரணம் இல்லாமல் இல்லை. அருந்ததி வல்வெட்டித்துறைக்காரி. தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாரும் கடலோடிகள். புயலுக்குப் பயப்படாத குடும்பம். ஆனால் அவளுடைய மூத்த சகோதரி கமலாவதி, வயிற்றில் ஏதோ சின்ன ஒப்பரேசன் என்று சிரித்துக்கொண்டு போனவ, வெள்ளைத் துணியில்தான் வீடு வந்தா. அன்றைக்குத் தொடங்கி அருந்ததி ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். என்ரை உடம்பிலை கத்தி வைக்கிற நாள் வந்தால், நான் எழும்பி வீட்டை போயிடுவன். விளையாட்டுக்குச் சொல்லுகிறவள் இல்லை அவள். உண்மையைச் சொன்னால் படுக்கையிலிருந்து எழும்பி வீட்டுக்கு வந்துவிடுவாள், வீட்டில் இருந்து செத்துப்போவாள். குகதாசனுக்கு அது பொழுது விடிகிறது மாதிரி நிச்சயமாகத் தெரிந்தது. பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் பத்தில் ஒன்பது பங்கு ஆள் தப்பும். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்தது.

கனடாவில் இருக்கிற ஒரே மகள் தர்சினிக்கும் அதே பொய்தான். "சின்ன விசயம் பிள்ளை, லீவு கீவு போட்டுக்கொண்டு வராதை," என்றார். தாய்க்காரியும் பக்கத்தில் நின்று, "மார்கழிக்கு வா, அம்மா நல்லா எழும்பி நண்டுக்குழம்பு வைச்சுத் தாறன்," என்றாள்.

பொய்யைச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து பயம் பிடித்தது. அதுவும் இலேசான பயமா. மத்தியானம் அவள் கண்ணயர்ந்தால் பக்கத்தில் போய் மூக்குக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்ப்பார். அவள் முழித்து, "என்னப்பா, மூக்கைப் பிடிச்சுக் கொல்லப் பாக்கிறியளோ," என்பாள். கொல்ல என்ற சொல்லில் இவருக்குக் கை குளிர்ந்துவிடும். அவள் தும்மினால் இவருடைய நெஞ்சு நிற்கும். கிணற்றடியில் வாளியைத் தூக்கினால் கத்திக்கொண்டு ஓடுவார். வகுப்பில் ஒரு பெடியன், "சேர், போன் செத்துப்போச்சு," என்றான். இவர் சோக்கட்டியை வீசிவிட்டு, செத்துப்போச்சு என்று இனிமேல் என்ரை கொட்டிலுக்குள் ஒருத்தரும் கதைக்கப்படாது என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சேருக்கு என்னவோ நடந்துவிட்டது என்று வீடுகளில் போய்ச் சொன்னார்கள்.

அருந்ததியை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். ஒப்பரேசனுக்கு இன்னும் ஒருநாள் இடையில் கிடந்தது. அந்தப் பின்னேரம்தான் வினை விறாந்தையில் நடந்து வந்தது.

டொக்டர் நிலந்த இவரைக் கண்டதும் நின்றார். ஆங்கிலத்தில், "சேர், நீங்கள் ஆசிரியரல்லவா, எனக்கு ஒரு உதவி," என்றார். "மோட்டாலிற்றி என்பதற்கு உங்கள் ஆட்கள் சாதாரணமாக என்ன சொல்லுவார்கள்? புத்தகத்தில் இறப்பு வீதம் என்று கிடக்கிறது. அதைச் சொன்னால் நோயாளிகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும். குகதாசன் எல்லாவற்றையும் மறந்துபோனார். எந்த வாட்டு, எந்தக் கட்டில், யாருடைய மனைவி, ஒன்றும் ஞாபகமில்லை. முகம் மலர்ந்துவிட்டது. இலத்தீனில் மோர்ஸ் என்றால் சாவு, அதிலிருந்து வந்தது உங்கள் சொல், என்று தொடங்கினார். அதுக்கும் முந்தின வேர் ஒன்று இருக்கிறது, அந்த வேர் இந்தப் பக்கம் வந்து வடமொழியில் மிருத்து ஆனது, எங்களிடம் மரணம் ஆனது. உங்கள் மோட்டாலிற்றியும் எங்கள் மரணமும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். அமிர்தம் என்று சிங்களத்தில் நீங்களும் சொல்லுவீர்கள், தமிழில் நாங்களும் சொல்லுவோம். முன்னால் நிற்கிற அந்த 'அ'தான் சாவை இல்லையாக்குகிறது. இன்னும் ஒன்று கேளுங்கள், மோட்டாலிற்றி என்றால் சாவு இல்லை, சாகக்கூடிய தன்மை. சாவு ஒருநாள்தான் வரும். இது பிறந்த அன்றிலிருந்தே கூட இருக்கிறது.

டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு நல்ல மாணவனாகக் கேட்டார்.

"எங்கள் சனத்தின் விசித்திரம் என்னவென்றால், ஆள் செத்ததை ஒருத்தரும் வாயால் சொல்லமாட்டார்கள்," என்று குகதாசன் தொடர்ந்தார். "காலமானார் என்பார்கள். சிவபதம் அடைந்தார் என்பார்கள். கண்ணை மூடிவிட்டார் என்பார்கள். ஆனால் அந்த வீட்டை மட்டும் செத்தவீடு என்று கூசாமல் சொல்லுவார்கள். செத்தது ஆளா வீடா என்று வெளியூரான் குழம்பிப்போவான்."

டொக்டர் சிரித்தார். "சரி, ஒரு அம்மாவிடம் மரியாதையாகவும், அதேநேரம் அவவுக்கு விளங்கும்படியும் சொல்ல எது நல்லது?"

"மோசம் போறது," என்றார் குகதாசன். "யாழ்ப்பாணத்தில் ஆள் மோசம் போனார் என்றால், ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். மோசம் என்றால் உண்மையில் களவு, ஏமாற்று. ஆளை ஏமாற்றிக் கொண்டுபோய்விட்டது என்கிறமாதிரி. பட்டிக்காட்டில் கேட்டாலும் பட்டினத்தில் கேட்டாலும் விளங்கும்."

"மொசம் போறது."

"மோ. நீட்டிச் சொல்லுங்கோ."

"மோசம் போறது."

"இப்ப சரி. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

திரும்பத் திரும்பச் சொல்லவைத்துத் திருப்திப்பட்டார். அப்போதுதான் டொக்டர் அவருடைய தோளைத் தட்டி, "மிக்க நன்றி சேர். நாளைக் காலை வாட்டுக்கு வரும்போது உங்கள் மனைவிக்கு நானே தமிழில் சொல்லுகிறேன்," என்றார். "என் நோயாளி என் வாயால் கேட்கவேண்டும். அது என் கொள்கை. புருசன்மாரும் பிள்ளைகளும் மொழிபெயர்க்கும்போது எவ்வளவை விழுங்கிவிடுகிறார்கள் தெரியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். குகதாசனும் சேர்ந்து சிரித்தார். டொக்டர் விறாந்தை மூலையில் திரும்பி மறைந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அங்கே கிடந்த வாங்கில் தொப்பென்று இருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் டொக்டர் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய், டொக்டர், நான் சொன்னது பிழை, வேறை சொல் இருக்கு என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்தச் சொல்லைக் கொடுப்பது? பிழையான சொல்லையா? குகதாசன் எழும்பினார், பிறகு இருந்தார். கட்டின மனுசிக்குக் கூசாமல் பொய் சொன்ன வாய், படிக்க வந்தவனுக்குப் பிழையான சொல் கொடுக்க மாட்டேன் என்று நின்றது. இது என்ன வகையான நேர்மை என்று கேட்டால் எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பார்வையாளர் நேரத்துக்கு உள்ளே போனார். அருந்ததி இழுத்துப் பின்னின தலையோடு கட்டிலில் காலை நீட்டி இருந்தாள். வாட்டுத் தாதி லவீனா பின்னிவிட்டாளாம். பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த தோடம்பழத்தை உரித்து இவருக்குப் பாதி நீட்டினாள். வாங்கினவர் அதை வாயில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மயக்கம் தெளியிற நேரம் நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ," என்றாள். "வேறை ஆரும் நிண்டால் நான் கண்டதையும் கதைச்சுப்போடுவன். உங்கடை மானம்தான் போகும்."

"ஓம்," என்றார்.

"என்ன, முகம் பேயறைஞ்சமாதிரிக் கிடக்கு?"

இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல நேரம் வராது. குகதாசன் வாயைத் திறந்தார். எந்தச் சொல்லால் தொடங்குவது என்று உள்ளே தேடினார். அவர் அறிந்த சொற்கள் எல்லாம் வரிசையில் நின்றன, ஒன்றும் முன்னுக்கு வரவில்லை. அவள் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பாயில் கிடக்கிறமாதிரி ஒரு காட்சி கண்ணுக்குள் வந்துபோனது. அந்தப் பயத்தில் வாய் தானாக இன்னொரு பொய்யைக் கட்டியது.

"நாளைக்குக் காலமை டொக்டர் வருவார். தமிழிலை கதைக்கப் பாப்பார். அவருக்குத் தமிழ் சரியா வராது கண்டீரோ. ஏதும் மாறிக்கீறிச் சொல்லுவார். நீர் அதைக் கணக்கெடுக்காதையும்."

"பாவம், தமிழ் படிக்கிற பெடியன். மாறிச் சொன்னால் நான் சிரிக்கமாட்டன்," என்றாள் அருந்ததி.

அடுத்தநாள் விடியக் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினார். டொக்டர் கட்டிலடிக்கு வருவதற்கு முன் தான் அங்கே நிற்கவேண்டும். மனுசன் வாயைத் திறந்ததும், மயக்கத்தைத்தான் மாறிச் சொல்லுறார் என்று ஒரு வசனம் போட்டால் காரியம் முடிந்தது. அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வல்லைவெளியில் காற்று யன்னலால் அடித்தது. பக்கத்துச் சீற்றுக்காரர், எங்கை வாத்தியார் காலங்காத்தாலை, என்று கேட்டார். குகதாசனுக்குக் காது கேட்கவில்லை. அச்சுவேலியில் பஸ் நின்று ஆள் ஏற்றியபோது அவருக்கு அழுகை வந்தது. கிழமைக் கணக்காகப் பயந்து பயந்து களைத்துப்போன மனுசன். இந்தப் பயத்தை ஒருத்தருக்கும் சொல்ல முடியாமல் இருந்தது. வழக்கமாக எதற்கும் பயந்தால் அவர் போய்ச் சொல்லுகிற ஆள் அருந்ததிதான்.

வாசலில் காவலுக்கு நின்றவன் மறித்தான். காலைச் சாப்பாடு கொடுக்கிற நேரம் முடிந்துவிட்டதாம். குகதாசன் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நல்லகாலம், அவன் இவரிடம் ரெண்டு மாதம் படித்துவிட்டு ஓடின சுரேஸ். "உள்ளை போங்கோ சேர், ஆனா டொக்டர்மார் கண்டால் என்ரை பேரைச் சொல்லாதையுங்கோ," என்று விட்டான்.

வாட்டுக்குள் கால் வைத்தபோது டொக்டர் நிலந்த அருந்ததியின் கட்டிலடியில்தான் நின்றார். பக்கத்தில் தாதி லவீனா. குகதாசன் கிட்டப் போனார். மூச்சு வாங்கியது. டொக்டர் இவரைக் கண்டு, ஆசிரியரைக் கண்ட மாணவன்போல ஒரு புன்னகை செய்தார். பிறகு அருந்ததியின் பக்கம் குனிந்து, முகத்தைப் பாரமாக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அம்மா. நாளைக்கு ஒப்பரேசன். நான் கவனமாச் செய்வன். ஆனா பத்துப் பேருக்குச் செய்தால், ஒராள் மோசம் போறது."

'மோ' நீண்டு, அழகாக, எந்தக் குறையும் இல்லாமல் வந்தது.

லவீனா நிலத்தைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அருந்ததி, பெடியன் தமிழ் பேசுகிறானே என்று கேட்கத் தொடங்கும்போது சிரித்த சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"இஞ்சருங்கோ," என்றாள். புருசனைக் கூப்பிட்ட குரல் சின்னதாக வந்தது. "இவர் மாறித்தானே சொல்லுறார்?"

டொக்டர் அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் தமிழில் ஏதோ பிழை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். "சேர், நான் சரியாகச் சொன்னேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டார்கள். பிழை என்ற ஒரு சொல் போதும், இரண்டுக்கும் விடை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனம் நாக்கு நுனியில்தான் நின்றது. சொல்லியிருந்தால் டொக்டர் வெட்கப்பட்டுப் போயிருப்பார், அருந்ததி சிரித்திருப்பாள், எல்லாம் நினைத்தபடியே நடந்திருக்கும். குகதாசன் சொல்லத்தான் போனார். அப்போது அவளுடைய கை கண்ணில் பட்டது. கட்டில் இரும்பை அது இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்துப்போய் இருந்தன. பயம் அவளுக்குள் வந்துவிட்டது. இனி எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது போகாது. இவர் பயந்ததுபோலவே ஒருத்தருக்கும் சொல்லாமல் தனியக் கிடந்து பயப்படுவாள், நாளைக்கு அந்தப் பயத்தோடேயே தனிய உள்ளே போவாள்.

"கரெக்ட்," என்றார் டொக்டரிடம். பிறகு அவளிடம், "சரியாத்தான் சொன்னவர்," என்றார்.

அருந்ததி போர்வையைத் தள்ளினாள். காலைக் கீழே போட்டு நிலத்தில் செருப்பைத் தேடினாள். ஒரு கால் கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை.

"வாங்கோ, வீட்டை போவம்," என்றாள். "அக்காவுக்கும் உப்பிடித்தான் சொன்னவை. ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு. நான் வரேல்லை உந்த விளையாட்டுக்கு. எங்கை மற்றச் செருப்பு?"

செருப்பு கட்டிலுக்குக் கீழே உள்ளுக்குப் போயிருந்தது. குகதாசன் முழங்காலில் இருந்து கையை விட்டு எடுத்தார். எடுத்தவர் அதை அவள் காலில் போடவும் இல்லை, எழும்பவும் இல்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தபடியே சொன்னார்.

"வீட்டை போனாலும் சாவுதான் அருந்ததி."

"என்ன?"

"அதையும் நான் சொல்லேல்லை. நெஞ்சுக்குள்ளை இருக்கிற பெரிய குழாய் வீங்கிக் கிடக்கு. எப்ப வெடிக்குமெண்டு தெரியாது. விட்டால் வருசம் தாண்டமாட்டீராம், செத்துப்போவீராம். வெட்டினால் பத்திலை ஒம்பது பேர் தப்புவினம். ஒராள் சாகும். அதுதான் மோட்டாலிற்றி. மயக்கம் இல்லை."

சாவு என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வந்து முடிந்தது. இத்தனை நாள் அதை உள்ளே வைத்துக்கொண்டு திரிந்த மனுசனுக்கு, சொன்ன பிறகும் பயம் குறையவில்லை. கூடியதுதான்.

"அப்ப ரெண்டு பக்கமும் சாவோ?"

"ஓம்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. கிளினிக்கிலை."

அவள் கட்டிலில் இருந்தாள். உடம்பு நடுங்கியது. லவீனா போர்வையை எடுத்துத் தோளில் போட்டாள். அது குளிர் நடுக்கம் இல்லை என்று லவீனாவுக்கும் தெரியும்.

"எனக்குப் பயமாக் கிடக்கப்பா," என்றாள் அருந்ததி.

"எனக்கும்."

"உங்களுக்கு என்ன. வெட்டுறது என்னையெல்லோ."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று தலையைத் தூக்கினாள். முகம் மாறியிருந்தது.

"தர்சினிக்குத் தெரியுமோ?"

குகதாசன் செருப்பைப் பார்த்தார்.

"கேக்கிறன். பிள்ளைக்குச் சொன்னனீங்களோ இல்லையோ?"

"சொல்லேல்லை."

"மார்கழிக்கு வா எண்டெல்லோ நான் சொன்னனான்," என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "என்ரை வாயாலையே சொல்லுவிச்சனீங்கள். நண்டுக்குழம்பு எண்டு சொன்னன். நீங்கள் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள். நாளைக்கு நான் மேசையிலை போயிருந்தால், பிள்ளை என்ரை முகத்தைப் பாத்திருக்கமாட்டாள். நான் அவளின்ரை முகத்தைப் பாத்திருக்கமாட்டன். உங்களுக்கு நான் என்ன பாவம் செய்தனான்?"

"உம்மை இழக்க ஏலாமல்தான்," என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன மறுமொழி என்று விளங்கியது.

"இழக்கிறது நீங்கள் மட்டுமோ? நானும்தானே எல்லாத்தையும் இழக்கிறன்."

டொக்டர் நிலந்த இன்னும் அங்கேதான் நின்றார். மற்றக் கட்டில்களுக்குப் போகவில்லை. "அம்மா என்ன சொல்லுகிறா?" என்று மெதுவாகக் கேட்டார்.

குகதாசன் எழும்பினார். இந்த முறை ஒன்றையும் விழுங்கவில்லை. தான் அவளுக்குப் பொய் சொன்னதைச் சொன்னார். மகளுக்குச் சொன்னதைச் சொன்னார். வீட்டுக்குப் போவோம் என்று அவள் எழும்பினதைச் சொன்னார். உங்களுக்கு நான் என்ன பாவம் செய்தனான் என்று அவள் கேட்டதை, அவள் கேட்டபடியே சொன்னார். டொக்டருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இஞ்சருங்கோ, அவரிட்டைக் கேளுங்கோ," என்றாள் அருந்ததி. "பிள்ளை வருமட்டும் பொறுக்கலாமோ? பிள்ளையைப் பாத்துப்போட்டு வெட்டட்டும்."

கேட்டார். டொக்டர் யோசித்தார். ஒரு கிழமை, ஏழு நாள், பொறுக்கலாம், அதற்கு மேல் கூடாது என்றார். வாட்டிலேயே இருக்கவேண்டும். பிறகு இன்னும் ஒரு வசனம் சொன்னார். குகதாசன் அந்த வசனத்தைக் கேட்டுக் கண்ணை மூடினார். பழைய குகதாசன் என்றால் அதை அப்படியே விழுங்கியிருப்பார்.

"ஒரு கிழமை பொறுக்கலாமாம்," என்றார். "ஆனா அந்தக் கிழமைக்குள்ளையும் வெடிச்சுச் சாகலாமாம்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை. உதடு மட்டும் கணக்குப் பார்க்கிறமாதிரி அசைந்தது. கனடாவிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்.

"பொறுக்கிறன்," என்றாள். "எனக்கு அவளைப் பாக்கவேணும். பாத்துப்போட்டு ஏறுறன். அவளைக் கூப்பிடுங்கோ."

"இப்ப அங்கை அவள் படுக்கிற நேரம்."

"கூப்பிடுங்கோ எண்டுறன்."

குகதாசன் போனை எடுத்தார். விரல் இரண்டு தரம் பிழையான இடத்தில் பட்டது. மணி போனது. எடுத்துவிட்டாள். இந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் அது என்ன செய்தி என்று வெளிநாட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பக்கம் ஹலோ கூட இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பா," என்றாள் தர்சினி. பிறகு நிறுத்தி, "அம்மா?" என்றாள்.

குகதாசனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தமிழில் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. அருந்ததி கையை நீட்டி அவரிடமிருந்து போனைப் பறித்துக் காதில் வைத்தாள்.

"நான்தான் பிள்ளை," என்றாள். "இன்னும் இருக்கிறன். கெதியா வா."